எல்லை தாண்டும் புகை: காரைக்கால் கரையிலிருந்து ஒரு வரலாற்று ஆய்வு

காரைக்கால் மாவட்டத்தின் மூன்று பக்கமும் தமிழ்நாடு, நான்காவது பக்கம் வங்கக் கடல். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியதும் சுங்கச் சாவடிகள் போயின; நிர்வாக எல்லை மட்டும் அப்படியே நின்றது. மது விலையிலும் பெட்ரோல் விலையிலும் அந்த எல்லையை இந்த வட்டாரத்தார் அன்றாடம் பார்க்கிறார்கள். காற்றுமாசுச் சட்டத்துக்குள்ளும் அதே கோடு ஓடுகிறது என்பது அதிகம் பேசப்படாதது. பெரிய மின் நிலையங்களின் புகை அடுத்தவர் நிலத்துக்குப் போவதைத் தடுக்க உலகம் எடுத்த முயற்சிகளின் வரலாற்றை இந்தக் கோட்டின் மேல் நின்று பார்த்தால், அதன் ஓட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன.

ஐரோப்பாவில் இந்தச் சிக்கல் ஒரு தீர்விலிருந்தே பிறந்தது. லண்டன் புகைமூட்டத்துக்குப் பின் பிரிட்டன் 1956இல் சட்டம் இயற்றியது. மின் நிலையங்களுக்கு மிக உயரமான புகைபோக்கிகளை எழுப்பியது. உள்ளூரில் காற்று தெளிந்தது. கந்தக டைஆக்சைடோ மேலே போய், நாள்கணக்கில் மிதந்து, அமில மழையாக ஸ்காண்டிநேவிய ஏரிகளில் இறங்கியது. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் சுவீடன் இதை உலகின் முன் வைத்தது. அதன் விளைவு 1979 ஜெனிவா உடன்படிக்கை. 1985இல் ஹெல்சிங்கி நெறிமுறை, கந்தக உமிழ்வை 1980ஆம் ஆண்டு அளவிலிருந்து 30 விழுக்காடு குறைக்கச் சொன்னது, பிரிட்டன் கையெழுத்திடவில்லை. 1988இல் ஐரோப்பியச் சமூகம் பெரிய எரிநிலையங்களுக்கான நெறியாணையைக் கொண்டுவந்தது. 'பெரியது' என்பதற்கு அது வகுத்த வரம்பு 50 மெகாவாட். அது வெளியே வரும் மின்சாரத்தின் அளவு அல்ல, உள்ளே போகும் எரிபொருளின் வெப்ப அளவு.

இந்த அளவுகோலைக் காரைக்காலுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி மின் கழகம் நடத்தும் எரிவாயு மின் நிலையத்தின் திறன் 32.5 மெகாவாட். நம் கணக்கில் இது சின்ன நிலையம். ஆனால் 50 மெகாவாட் வெப்பத்துக்குள் அடங்கி 32.5 மெகாவாட் மின்சாரம் தர வேண்டுமானால் அதன் செயல்திறன் 65 விழுக்காடாக இருக்க வேண்டும். எந்தக் கூட்டுச் சுழற்சி நிலையமும் அதை எட்டியதில்லை. ஆக, ஐரோப்பிய வரம்பின்படி இதுவும் பெரியதே. மாவட்ட எல்லைக்கு வடக்கே, தமிழ்நாட்டின் பிள்ளைபெருமாநல்லூரில் 2001இல் இயங்கத் தொடங்கிய நிலையமோ 330.5 மெகாவாட். வாடைக் காலத்தில் காற்று அங்கிருந்து காரைக்கால் பக்கம் வரும். சோழகம் வீசும்போது இங்கிருந்து அங்கே போகும். எரிவாயுவில் சாம்பல் கிடையாது, கந்தகம் மிகக் குறைவு. நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டு. இரண்டுக்கும் அனுமதி தருவது வெவ்வேறு அமைப்புகள்.

1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் தன் முகவுரையிலேயே ஸ்டாக்ஹோமைக் குறிப்பிடுகிறது. சுவீடன் அங்கே எழுப்பிய அண்டை நாட்டுக் கேள்வியை மட்டும் அது எடுத்துக்கொள்ளவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான நிலையும் விசித்திரமானது. 6ஆம் பிரிவின்படி ஒன்றியப் பிரதேசங்களுக்குத் தனி வாரியம் கிடையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே அங்கு மாநில வாரியம். அது தன் அதிகாரத்தை வேறோர் அமைப்புக்கு ஒப்படைக்கலாம்; புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் அப்படி இயங்குவதுதான். 16ஆம் பிரிவோ மாநில வாரியங்களுக்குள் பூசல் வந்தால் தீர்த்துவைப்பதை அதே மத்திய வாரியத்தின் கடமையாக்குகிறது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் வழக்கு வந்தால் நடுவரும் ஒரு கட்சிக்காரரும் ஒருவரே. சட்டம் வரைந்தவர்கள் காரைக்காலை மனத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.

இந்த ஓட்டை வெளிப்பட்டது மின் நிலையத்தால் அல்ல, நிலக்கரியால். 2009இல் கீழவாஞ்சூரில் தனியார் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. நிலக்கரி அதன் முக்கியச் சரக்காயிற்று. (2023இல் அது அதானி நிறுவனத்தின் கைக்குப் போனது.) தெற்கே வெட்டாற்றைத் தாண்டினால் நாகூர். கப்பலிலிருந்து கிராப் வாளி கரியை அள்ளிக் கொட்டும்போதும், திறந்த வெளியில் மலையாகக் குவிக்கும்போதும், சரக்கு ரயிலில் ஏற்றும்போதும் தூசு கிளம்புகிறது. வாடை வீசினால் நாகூர் மொட்டைமாடிகளில் கறுப்புப் படிகிறது என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் முறையீடு. துறைமுகம் புதுச்சேரிக் குழுமத்தின் ஆளுகைக்குள்; தூசு விழும் தெரு தமிழ்நாட்டு வாரியத்தின் ஆளுகைக்குள். தண்ணீர் தெளிப்பான், தார்ப்பாய், காற்றுத்தடுப்பு வேலி என்று தீர்வுகள் எளியவைதான். அவற்றைக் கேட்டுப்பெறும் இடம் எது என்பதே குழப்பம். 2010 சட்டத்தால் உருவான பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரே அமர்வின் கீழ் வருகின்றன. இந்த எல்லையில் வாரியங்கள் தர முடியாததைத் தந்தது அந்த ஏற்பாடுதான் என்பது என் கணிப்பு.

நாடுகளுக்கு இடையே அப்படிப்பட்ட மன்றமும் இல்லை. 1998 ஏப்ரல் 22இல் மாலேயில் இந்தியா, இலங்கை, மாலத்தீவு உள்ளிட்ட 8 நாடுகள் எல்லை தாண்டும் காற்றுமாசு குறித்த பிரகடனத்தை ஏற்றன. அளவீடு, தகவல் பகிர்வு, பயிற்சி எல்லாம் அதில் உண்டு. யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற எண் இல்லை. மறு ஆண்டே மாலத்தீவை மையமாகக் கொண்டு நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு, தெற்காசியப் புகைமூட்டம் கடல்மேல் பரந்துகிடப்பதைக் காட்டியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான வீரபத்ரன் ராமநாதன், காரைக்காலுக்கு வடக்கே சற்றுத் தொலைவிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது இலங்கையில் காற்று கெட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. இந்தியாவிலிருந்து வந்த மாசு என்று அந்நாட்டு அதிகாரிகள் கூறினர். மாலே பிரகடனத்தில் அதற்கு மேல் கேட்க வழியில்லை.

இந்தியா தனக்குள் எடுத்த பெரிய அடி, அனல் மின் நிலையங்களுக்கான 2015 டிசம்பர் அறிவிக்கை. அதுவரை கந்தகத்துக்கு நம்மிடம் இருந்த விதி புகைபோக்கியின் உயரம் மட்டுமே: 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் என்றால் 275 மீட்டர். பிரிட்டன் செய்த அதே வேலை. 2015இல்தான் கந்தக டைஆக்சைடுக்கு உமிழ்வு வரம்பு வந்தது. புதிய அலகுகளுக்குக் கன மீட்டருக்கு 100 மில்லிகிராம். இரண்டு ஆண்டுகளில் நிறைவேற வேண்டியது, 2022 என்றும் பிறகு அதற்கும் அப்பால் என்றும் தள்ளிக்கொண்டே போனது. 2025 ஜூலை 11 அறிவிக்கை, 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கும் தலைநகர் வட்டாரத்துக்கும் 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியைக் கட்டாயமாக வைத்துக்கொண்டு, பெரும்பாலானவற்றை விடுவித்துவிட்டது. விடுவிக்கப்பட்டவை நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை, மறுபடியும் புகைபோக்கியின் உயரம். புகைபோக்கியைச் சுற்றி எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று அந்த அறிவிக்கை எண்ணுகிறது. காற்று போகும் திசையில் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 2011 கணக்கெடுப்பில் காரைக்கால் மாவட்டம் முழுவதற்குமே மக்கள்தொகை சுமார் 2 லட்சம்தான்.