அணுவின் காழ்

கம்பன் இரணியன் வதைப் படலத்தில் அணுவின் நூற்றில் ஒரு கூற்றைக் 'கோண்' என்கிறான். ஆகவே எலெக்ட்ரானை அவன் அன்றே அறிந்திருந்தான் என்போர் இன்றும் குறையவில்லை. இறைவன் இல்லாத இடமே இல்லை என்பதுதான் அங்கே பிரகலாதன் வாதம். நுண்மையின் எல்லையைக் காட்டவே கோண் வருகிறது. அதில் மின்னூட்டம் எங்கே, நிறை எங்கே? திருவள்ளுவமாலையில் அணுவைத் துளைத்ததாக ஔவை பெயரில் உள்ள பாட்டும் குறளின் செறிவைப் புகழும் உயர்வு நவிற்சிதான். அதே கருத்தை இடைக்காடர் பெயரில் உள்ள பாட்டு கடுகை வைத்துச் சொல்கிறது. கடுகு நின்ற இடத்தில் வந்து நிற்கும் அணு, ஆய்வுக்கூடத்து அணு ஆகாது.

அணுவைக் கொள்கையாகவே பேசும் இடம் மணிமேகலையில், சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் இருக்கிறது. அணு இரண்டாகப் பிளக்காது, நீரணு நிலவணுவாகத் திரியாது என்பது அங்கே ஆசீவகன் துணிபு. கிரேக்க 'அட்டோமோஸ்' என்பதற்கும் வெட்ட முடியாதது என்றே பொருள். டால்டனும் அதே கட்சி. அணுவைத் தமிழன் முன்பே பிளந்தான் என்பவர்கள் முதலில் ஆசீவகனுக்கு விடை சொல்லட்டும். 'அணுகு' என்பதே அணுவுக்கு வேர் என்பாரும் உளர். நெருங்குதல் வேறு, நுண்மை வேறு. ஒலியொப்புமை மட்டும் வேராகாது.

எலெக்ட்ரான் என்பது கிரேக்கத்தில் அம்பர், அதாவது உறைந்து இறுகிய மரப்பிசின். தேய்த்த அம்பர் துரும்பை இழுக்கும். மின்சாரத்தின் ஆங்கிலப் பெயரே அதிலிருந்து வந்தது. 1891இல் ஜான்ஸ்டன் ஸ்டோனி மின்னூட்டத்தின் அலகுக்கு இப்பெயரை இட்டார். துகள் அகப்பட்டதோ 1897இல், கேம்பிரிட்ஜில், ஜே. ஜே. தாம்சனிடம். அவர் அதைக் 'கார்ப்பசல்' என்றார், லத்தீனில் சிற்றுடல். கண்டவர் இட்ட பெயர் நிற்கவில்லை.

தாம்சனின் அணுவில் நேர்மின்னூட்டம் உருண்டை முழுதும் பரவியிருந்தது. எலெக்ட்ரான்கள் அதற்குள் பதிந்திருந்தன. 1909இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் உலோகத் தகடுகள்மேல் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினர். பெரும்பாலானவை ஊடுருவின. பிளாட்டினத்தில் ஏறத்தாழ 8,000இல் ஒன்று வந்த பக்கமே திரும்பியது. பரந்து கிடக்கும் ஊட்டம் அத்தனை வேகமான துகளைத் திருப்பாது. அணுவின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த இடத்தில் ஊட்டம் குவிந்திருந்தால்தான் இது நடக்கும் என்று அவ்விருவரையும் வழிநடத்திய ரூதர்ஃபோர்டு கணக்கிட்டார். 1911இல் எழுதிய அந்தக் கட்டுரையில் அவர் அதை 'நடு ஊட்டம்' என்றே குறிக்கிறார். 'நியூக்ளியஸ்' அடுத்த ஆண்டுதான் அவர் எழுத்தில் வருகிறது. 1911இலேயே பெயரும் இட்டார் என்பது பிழை.

நியூக்ளியஸ் லத்தீனில் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. 1831இல் ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடியின் உயிரணுவுக்குள் கண்டதற்கு அப்பெயரை இட்டார். தமிழில் அது உட்கரு ஆயிற்று. அந்த வழியிலேயே இயற்பியலும் அணுக்கரு என்றது. கரு என்றால் சூல், முட்டைக்குள் வளர்வது. அணுவின் நடுவில் வளர்வது ஒன்றும் இல்லை. 

விதைக்கும் உள்வன்மைக்கும் ஒருசேர நம்மிடம் உள்ள சொல் காழ். வள்ளுவர் 1191ஆம் குறளில் விதையில்லாக் கனியைச் சொல்ல இச்சொல்லையே ஆள்கிறார். தொல்காப்பிய மரபியல் புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் அகத்தே காழ் உடையதை மரம் என்றும் வகுக்கிறது. காழ்ப்பு என்பதற்கு மரத்தின் வயிரம், மனத்தின் வயிரம் இரண்டும் பொருள்.  இறுகுதல்தான் இரண்டுக்கும் அடி. தாம்சனின் அணு காழற்ற கனி. ரூதர்ஃபோர்டு கண்டது அகக்காழ்.

அணுக்கரு வேரூன்றிவிட்டது, இனி மாற்றுவது வீண் என்பர். தாம்சனும் பல்லாண்டு கார்ப்பசலை விடவில்லை. ஆயினும் அது வழக்கொழிந்தது. அணுக்காழ் என்பதே பொருளுக்கு ஏற்ற சொல்.