சாலைக் கணக்கில் எழுதப்பட்ட திரைப்படம்: முதல் படைப்பும் பொதுப்பணமும்

1954 வாக்கில் மேற்கு வங்க அரசு ஒரு திரைப்படத்துக்குப் பணம் தர இசைந்தபோது, அச்செலவை எழுதுவதற்குப் பொருத்தமான தலைப்பு அரசுக் கணக்கில் இருக்கவில்லை. கதைப்படம் எடுக்க முனையும் புதியவர் ஒருவருக்கு உதவுவது என்ற செலவினத்தை எந்தத் துறையும் அறிந்திருக்கவில்லை. படத்தின் பெயரில் பாதை என்ற சொல் இருந்தது. எனவே சாலை மேம்பாட்டுக்கான தொகையாக அது பதிவாயிற்று. 'பதேர் பாஞ்சாலி'யைப் பற்றிப் பேசுவோர் இச்செய்தியை வேடிக்கைத் துணுக்காகவே சொல்லிக் கடந்துவிடுவர். ஆயினும் இந்தியாவில் முதல் படைப்புக்குப் பொதுப்பணம் கிடைத்த வரலாற்றின் மையச் சிக்கல் அப்பதிவிலேயே தெரிகிறது. பணம் இருந்தது, அதைத் தர மனமும் இருந்தது, என்ன உறவின் பேரில் தருவது என்பதற்கான சொல் மட்டும் இல்லை.

அப்பணத்தைப் பெற்ற சத்யஜித் ராய் அப்போது திரைத்துறையினர் அல்லர். 1943 முதல் கொல்கத்தாவில் டி. ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றிவந்தார். சிக்னெட் பதிப்பகத்தின் நூல்களுக்கு அட்டை வரைந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவலுடைய சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் அக்கதையைப் படமாக்கும் எண்ணம் முளைவிட்டது. 1952 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கியபோது அவருக்கு வயது 31. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அதற்குமுன் திரைப்படக் கருவியை இயக்கிய அனுபவமே இல்லை. பாட்டும் நட்சத்திரமும் இல்லாத கதையை நம்பித் தயாரிப்பாளர் எவரும் முன்வரவில்லை. ஆயுள் காப்பீட்டுப் பத்திரமும் மனைவியின் நகைகளும் முதலீடாயின. அவையும் தீர்ந்தபின் படப்பிடிப்பு நெடுங்காலம் நின்றுபோயிற்று.

முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் தலையீட்டால் வந்த அரசுப் பணம் தவணைகளாகவே வந்தது. ஒவ்வொரு தாமதமும் படத்தையே அச்சுறுத்தியது. கதையில் குழந்தைகளாக நடித்த இருவரும் வளர்ந்துவிடக்கூடும். முதியவளாக நடித்த சுனிபாலா தேவியோ எண்பதை எட்டியவர். படம் 1955 ஆகஸ்டில் கொல்கத்தாவில் வெளியாகி, 1956-இல் கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற விருதைப் பெற்றது. ஆனால் தயாரிப்பாளர் என்ற இடத்தில் நின்றது மேற்கு வங்க அரசு. இயக்குநர் பணத்தைத் திருப்பித் தரவேண்டியிருக்கவில்லை. படம் அவருடையதாகவும் இருக்கவில்லை. முதல் படைப்புக்குக் கிடைத்த உதவியின் விலை அப்படைப்பின் உடைமையே.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடுவண் அரசு இச்சிக்கலை வேறொரு கோணத்தில் அணுகத் தொடங்கியிருந்தது. எஸ். கே. பாட்டீல் தலைமையில் 1949-இல் அமைக்கப்பட்ட திரைப்பட விசாரணைக் குழு, 1951-இல் அளித்த அறிக்கையில், திரைத்தொழிலுக்கெனத் தனி நிதி நிறுவனமும் பயிற்சி நிறுவனமும் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. இரண்டும் 1960-இல் உருப்பெற்றன. திரைப்பட நிதிக் கழகம் கடன் வழங்க வந்தது. புணேயில் பிரபாத் ஸ்டுடியோ இருந்த வளாகத்தில் திரைப்பட நிறுவனம் கற்பிக்க வந்தது. ஒன்று பணத்துக்கு, மற்றொன்று திறமைக்கு. ஆனால் படிப்பை முடித்து வெளிவரும் இளைஞரைக் கடன் தரும் அலுவலகத்துடன் இணைக்கும் வழி வகுக்கப்படவில்லை. தொடக்க ஆண்டுகளில் கழகத்தின் பணம் பெரும்பாலும் ஏற்கெனவே பெயர்பெற்றோரையே சென்றடைந்தது. ராயின் 'சாருலதா' (1964) கழகத்தின் உதவியுடன் உருவானது. அப்போது அவர் உலகம் அறிந்த இயக்குநர்.

இங்குச் சொற்களைச் சற்றுக் கூர்ந்து நோக்குதல் தகும். கடன் என்ற சொல் தமிழில் திருப்பித் தரவேண்டிய பொருளையும் குறிக்கிறது; செய்தேயாக வேண்டிய கடமையையும் குறிக்கிறது. நல்கை என்பது நல்கு என்னும் வினையிலிருந்து பிறந்தது. கொடுத்தல் என்பதோடு அன்புடன் அருளுதல் என்ற சாயலும் அதற்கு உண்டு. கடன் தருபவர் பெறுபவரின் கடந்தகாலத்தைப் பார்க்கிறார்: சொத்து, பிணை, முந்தைய வெற்றி. நல்கை தருபவர் அவருடைய எதிர்காலத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. முதல் படைப்பைச் செய்பவரிடம் காட்டுவதற்குக் கடந்தகாலம் இல்லை. ஆகவே கடன் என்ற வடிவம், எவருடைய நன்மையை நோக்கி வகுக்கப்பட்டாலும், முதல் முயற்சியாளரைத் தானாகவே வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

1960களின் இறுதியில் கழகத்தின் கொள்கை மாறியது. குறைந்த செலவில் எடுக்கப்படும் படங்களுக்கும் புதிய இயக்குநர்களுக்கும் கடன் தருவதென முடிவாயிற்று. மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969) இம்மாற்றத்தின் அடையாளமாக இன்றுவரை சுட்டப்படுகிறது. அவரோ 1955 முதலே படம் எடுத்துவந்தவர். உண்மையில் புதியவர், புணேயில் பயின்று வெளிவந்து, ஏறத்தாழ 25-ஆம் வயதில் 'உஸ்கி ரோட்டி'யை எடுத்த மணி கௌல். மோகன் ராகேஷின் சிறுகதையைத் தழுவிய அப்படம், காத்திருத்தல் என்ற ஒற்றை நிகழ்வைக் காலத்தின் நீட்சியாகவே காட்டியது. விமர்சகர் விருது கிடைத்தது. கடும் ஏளனமும் கிடைத்தது. வணிக முறையிலான திரையரங்க வெளியீடு மட்டும் கிடைக்கவில்லை. கழகம் படம் எடுக்கப் பணம் தந்தது. எடுத்த படத்தைக் காட்டத் திரையரங்குகள் அதனிடம் இல்லை. பார்வையாளரைச் சென்றடைய வழியில்லாத படத்திடம் வசூலையும் வட்டியையும் எதிர்பார்ப்பது எத்தகைய முரண் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் கதைப்படமான 'சுயம்வரம்' (1972) இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. புணேயில் பயின்ற அவர், ஊர் திரும்பி 1965-இல் நண்பர்களுடன் சித்ரலேகா என்ற திரைப்படக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். முதலில் அவர் முன்வைத்த திரைக்கதைக்குக் கழகம் கடன் மறுத்தது, 'சுயம்வர'த்துக்கு 1.5 லட்சம் ரூபாய் தந்தது. முதல் வெளியீட்டில் படம் வரவேற்பைப் பெறவில்லை. சிறந்த படம், இயக்கம், நடிகை, ஒளிப்பதிவு என நான்கு தேசிய விருதுகள் வந்தபின் மீண்டும் திரையிடப்பட்டபோதுதான் மக்கள் வந்தனர். கடனைத் திருப்பும் வழியும் பிறந்தது. அவ்விருதுகள் வராதிருந்தால், அதே படம், அதே தரம், கழகத்தின் ஏட்டில் வாராக்கடனாக நின்றிருக்கும். பயிற்சி, கூட்டுறவு, கடன், விருது ஆகிய நான்கும் ஒருசேர அமைந்த அரிய நிகழ்வு அது. ஒரு கொள்கையின் வெற்றிக்குச் சான்றாக அதைக் காட்டுவது பொருந்தாது.

1976-இல் நாடாளுமன்றத்தின் பொதுத்துறை நிறுவனங்கள் குழு கழகத்தின் கணக்கை ஆராய்ந்து, கடன் மீட்கப்படாமையைக் கண்டித்தது. கலைத்தரமும் வசூலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது குழுவின் நிலைப்பாடு. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது நாடாளுமன்றத்தின் கடமை. அதில் பிழை காண இயலாது. கடன் என்று பெயரிட்டுத் தந்த தொகையைக் கடனாகவே அளந்தது குழு. பிழை, பெயரிட்ட இடத்தில் இருந்தது. 1980-இல் திரைப்பட நிதிக் கழகமும் இந்தியத் திரைப்பட ஏற்றுமதிக் கழகமும் இணைந்து தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் உருவாயிற்று. பெயரில் நிதி போய் வளர்ச்சி வந்தது. முதல் முயற்சியின் இடரை யார் சுமப்பது என்ற கேள்வி அப்படியே தொடர்ந்தது.

கடன் முறைக்கு ஒரு நன்மை உண்டு என்பதையும் மறுக்கலாகாது. மேற்கு வங்க அரசு படத்தின் உடைமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. கழகத்தின் கடனோ தயாரிப்புரிமையைப் படைப்பாளர் பக்கமே விட்டது. முதல் முறையில் கலைஞர் கடனாளி ஆகவில்லை, உரிமையாளராகவும் ஆகவில்லை. இரண்டாம் முறையில் உரிமையாளரானார், கூடவே கடனாளியும் ஆனார். உரிமையையும் பறிக்காமல் முதலையும் திருப்பிக் கேட்காமல், செய்து முடித்தலை மட்டுமே கடமையாக விதிக்கும் மூன்றாம் வடிவம் ஒன்று உண்டு. படைப்பாக்க நல்கை என்று இன்று அறியப்படுவது அதுவே. திரைப்பட வரலாற்றின் அந்த முதல் கால் நூற்றாண்டில் இளையோரின் கதைப்படங்களுக்கு அவ்வடிவம் ஒரு நிலையான கொள்கையாக வாய்க்கவில்லை.

அவ்வடிவம் பின்னர் பெருமளவு அரசுக்கு வெளியிலேயே வேரூன்றியது. பெங்களூரில் 1993-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கலை அறக்கட்டளை, 1995 முதல் கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நல்கைகள் வழங்கிவருவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நடுவண் பண்பாட்டு அமைச்சகத்தின் இளங்கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயதினருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டுகளுக்கு என வகுக்கப்பட்டது. அதன் நோக்கம் மேற்பயிற்சி. பயில்வதற்கான பணமும் படைப்பதற்கான பணமும் வேறுவேறு. முன்னது ஒருவரின் வயிற்றைக் காக்கிறது. பின்னது படச்சுருள், மரம், உலோகம், துணி, அச்சுக்கூலி, உடன் உழைப்போரின் ஊதியம் ஆகியவற்றுக்கு ஈடுகொடுக்கிறது. முன்னது இருந்து பின்னது இல்லையெனில் பயிற்சி பெற்றவரிடம் கைத்திறன் மட்டும் எஞ்சும்.

இன்று ஓர் இளம் கலைஞரோ வடிவமைப்பாளரோ நிதியுதவி அறிவிப்பு ஒன்றை வாசிக்கும்போது தொகையை முதலில் பார்ப்பது இயல்பு. 1954 முதல் 1980 வரையிலான இவ்வரலாறு வேறு நான்கு வரிகளையும் பார்க்கச் சொல்கிறது: பணம் எப்போது வரும், படைப்பு யாருடையது, முயற்சி தோற்றால் இழப்பு யாருக்கு, முடிந்த படைப்பு மக்களிடம் எவ்வழியே சேரும். இந்நான்குக்கும் விடை தராத அறிவிப்பு எவ்வளவு பெரிய தொகையைச் சொன்னாலும், முதல் படைப்பைச் சாலைக் கணக்கில் எழுதிய பழைய ஏட்டின் தொடர்ச்சியே ஆகும்.