பதினாயிரம் ரூபிள் சொத்து

1992-ம் வருஷம் ஜனவரி 2-ம் தேதி ருஷ்யாவில் பெரும்பாலான பண்டங்களின் விலை சர்க்கார் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டதையும், ஜனங்கள் ஆயுள் முழுவதும் சேமித்து வைத்த பணம் சில மாதங்களுக்குள் செல்லாக்காசுக்குச் சமானமாகிப் போனதையும் சென்ற வாரம் பார்த்தோம். விலைகளுக்கு விடுதலை அளித்த யேகோர் கைதாருக்கு உடனே மற்றொரு சங்கடம் எழுந்தது. விலை ஏறினால் சரக்கு தானாகவே சந்தைக்கு வந்து சேரும் என்பது பொருளாதார சாஸ்திரத்தின் பாலபாடம். ஆனால் கடையும் கிடங்கும் லாரியும் சர்க்காருடையனவாகவே இருந்த தேசத்தில், அந்தப் பாடத்தின்படி நடப்பதற்கு வியாபாரி என்று ஒருவன் அகப்படவில்லை.

ஆகவே, யார் வேண்டுமானாலும், தங்களுக்குச் சௌகரியமான எந்த இடத்திலும், பிரத்தியேக அனுமதியின்றிச் சாமான்களை விற்கலாம் என்று ஜனவரி 29-ம் தேதி ஜனாதிபதி யெல்ட்சின் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன் பின்னர் ஒருநாள் மாஸ்கோவின் லுபியான்கா சதுக்கத்தின் வழியே செல்லுகையில், 'தேத்ஸ்கி மீர்' என்னும் குழந்தைகள் பண்டசாலையருகே நீண்டதொரு வரிசையைக் கண்டு, ஏதோ சரக்கு வந்திருக்கிறது போலும் என்று தாம் எண்ணியதாகக் கைதார் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அருகே சென்று பார்த்தபோதுதான், நின்றவர்கள் வாங்க வந்தவர்களல்லர், விற்க வந்தவர்கள் என்பது தெரிந்தது. ஒருவர் கையில் சில சிகரெட் பெட்டிகள், மற்றொருவரிடம் காலுறை, இன்னொருவரிடம் குழந்தைச் சட்டை. பலர் அந்த ஆணையைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, மேலுடையில் ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்கள். குறைந்த விலைக்கு வாங்கி அதிக விலைக்கு விற்பது அதற்குச் சிறிது காலம் முன்பு வரையில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தச் சதுக்கத்திலேயேதான் கே.ஜி.பி.யின் தலைமையகமும் இருந்தது. பயம் ஒரே ஆணையில் தெளிந்துவிடுமா?

தெருவில் நின்று விற்பதற்கு ஆணை போதும். கடையை ஒருவனுக்குச் சொந்தமாக்குவதற்கு ஏலம் வேண்டியிருந்தது. அதைத் துணிந்து தொடங்கிவைத்த நகரம் நிஷ்னி நோவ்கொரத். தமிழ் வாசகர்களுக்கு இந்நகரம் அந்நியமானதன்று. மாக்ஸிம் கார்க்கி பிறந்த ஊர் இதுவே. அவருடைய 'தாய்' நாவலுக்குக் கருவாய் அமைந்த 1902-ம் வருஷத்து மே தின ஊர்வலம் இதனை அடுத்த ஸோர்மவோவில்தான் நடந்தது. அவர் பெயரையே 1932 முதல் 1990 வரையில் தாங்கிநின்ற இந்நகரம், ஆயுதத் தொழிற்சாலைகள் நிறைந்திருந்த காரணத்தால், அந்நியர் கால்வைக்கக் கூடாத ஊராக இருந்தது. விஞ்ஞானி ஸகாரவை சோவியத் சர்க்கார் ஏழு வருஷம் ஒதுக்கிவைத்ததும் இங்கேதான். ஆயினும் இவையனைத்துக்கும் முன்னர், ஓகா நதி வோல்காவுடன் சங்கமிக்கும் துறையில் 1817 முதல் கூடிவந்த மாபெரும் சந்தையினாலேயே இவ்வூர் கீர்த்தி பெற்றிருந்தது.

இந்நகரைத் தலைநகராகக் கொண்ட மாகாணத்தின் கவர்னர், பௌதிகம் பயின்று, 32 வயதே நிரம்பியிருந்த போரிஸ் நெம்த்ஸோவ். 1992 ஏப்ரல் 4-ம் தேதி கடைகள் ஏலத்துக்கு வந்தன. பழைய சோவியத் கடை எத்தகையது என்பதை அறிந்தால்தான் அந்த ஏலத்தின் மகத்துவம் விளங்கும்: சாமானைப் பார்த்து விலை கேட்க ஒரு வரிசை, காசாளரிடம் பணம் கட்டிச் சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் கொடுத்துச் சாமானைப் பெற மூன்றாவது வரிசை, விற்றாலும் விற்காவிட்டாலும் விற்பவளுக்குச் சம்பளம் ஒன்றே. அத்தகைய கடைகளை எவரும் கைதூக்கிக் கேட்டு எடுக்கலாம் என்றானபோது, வேலை போய்விடுமோ என்று அஞ்சிய ஊழியர்கள் வெளியே கூடி ஆட்சேபித்தார்கள். உள்ளே ஏலம் நடந்தேறியது. கைதாரும், அரசுச் சொத்து நிர்வாகக் கமிட்டியின் தலைவரான அனத்தோலி சுபைஸும் நேரில் வந்திருந்தார்கள். இந்த முறை மற்ற நகரங்களுக்கும் பரவி, இரண்டே வருஷங்களில் நாட்டின் பெரும்பாலான சிறு கடைகள் சர்க்கார் கையைவிட்டு நீங்கின.

இந்த அத்தியாயம் பொதுவாக நன்றாகவே முடிந்தது என்பது என் அபிப்பிராயம். தெருமுனை ரொட்டிக்கடை என்ன பெறும் என்பது அந்தத் தெருவில் நடக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் உரல்மாஷ் போன்றதொரு ராட்சத யந்திரத் தொழிற்சாலை என்ன பெறும் என்பது யாருக்குத் தெரியும்? சர்க்காருக்கே தெரியாது, ஆலைக்குள் இருந்த டைரக்டருக்கு மட்டும் ஓரளவு தெரியும். பின்னால் விளைந்த அனர்த்தங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறந்தவை.

பெரிய ஆலைகளைக் காசுக்கு விற்பதென்றால் வாங்குவதற்கு ஜனங்களிடம் காசில்லை. இருந்ததையும் விலையேற்றம் விழுங்கிவிட்டது. அந்நியருக்கு விற்க எந்த அரசியல்வாதியும் துணியவில்லை. எனவே 1992 அக்டோபர் 1-ம் தேதி முதல், கைக்குழந்தை உட்பட ஒவ்வொரு பிரஜைக்கும் ஒரு வவுச்சர் வழங்கப்பட்டது. சேமிப்பு வங்கியில் 25 ரூபிள் கட்டணம் செலுத்தினால் கிடைத்த அந்தக் காகிதத்தில் முகமதிப்பு 10,000 ரூபிள் என்றும், சித்திரமாக மாஸ்கோவின் வெள்ளை மாளிகையும் அச்சாகியிருந்தன. (மறு வருஷம் அக்டோபரில் யெல்ட்சினின் டாங்கிகள் சுட்டது இதே மாளிகையைத்தான்.) ஒரு வவுச்சர் காலக்கிரமத்தில் இரண்டு வோல்கா கார்களின் மதிப்பைப் பெறும் என்று சுபைஸ் வாக்களித்தார், அந்த வாக்கை ருஷ்ய ஜனங்கள் இன்றளவும் அவருக்கு மன்னிக்கவில்லை.

செக் நாட்டில் இத்தகைய சீட்டை அவரவர் பெயரில் பதிவு செய்து, கைமாற்ற முடியாதபடி வைத்திருந்தார்கள். ருஷ்யாவிலோ வைத்திருப்பவனே அதற்கு உடையவன். ரயில் நிலைய வாசல்களிலே அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வவுச்சர் வாங்குகிறவர்கள் நிற்கலாயினர். 1993-ம் வருஷத்து முற்பகுதியில் அதன் விலை முகமதிப்பில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. வோட்காவுக்கு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களை அசடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதச் சம்பளம் வருமோ வராதோ என்றிருந்தவன், கண்ணால் கண்டிராத பங்குக்காக எத்தனை நாள் காத்திருப்பான்?

வவுச்சரைக் கொண்டு ஆலையின் பங்கை வாங்கிய முறை விநோதமானது. இன்ன ஆலையின் இத்தனை பங்குகள் என்று அறிவிப்பார்கள். விரும்பியவர்கள் வவுச்சர்களைச் செலுத்துவார்கள். கெடு முடிந்ததும், பங்குகளின் தொகையை வந்து சேர்ந்த வவுச்சர்களின் தொகையால் வகுத்துக் கொடுப்பார்கள். கோயிலில் பிரசாதம் பகிர்வதுபோல, வந்தவர்கள் குறைந்தால் பங்கு பெருகும். ஆகவே, கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்வதே லாபம் என்பதை விஷயமறிந்தவர்கள் வெகு சீக்கிரத்தில் கிரகித்துக்கொண்டார்கள்.

இதற்கும் முந்திய ஏற்பாடு ஒன்று உண்டு. சுபைஸின் விருப்பத்துக்கு மாறாக, பார்லிமெண்டான உச்ச சோவியத்தும் ஆலை டைரக்டர்களும் போராடிப் பெற்றது அது. ஆலையின் சிப்பந்திகள், டைரக்டர் உள்பட, புத்தக மதிப்பைப்போல் 1.7 மடங்கு விலைக்கு, 51 சதவிகிதப் பங்குகளைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 1.7 மடங்கு என்றால் அதிகமாகத் தோன்றும். ஆனால், விலைகள் ஒரே வருஷத்தில் ஏறத்தாழ 26 மடங்காக உயர்ந்தபோது, புத்தக மதிப்பு மட்டும் உயராமல் நின்ற இடத்திலேயே நின்றது! நான்கில் மூன்று பங்கு ஆலைகள் இந்த வழியையே தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. காகிதத்தில் தொழிலாளி சொந்தக்காரனானான். நடைமுறையில், வெளியாருக்குப் பங்கை விற்றால் வேலை போகும் என்ற பயமுறுத்தலும், சம்பள பாக்கியும் சேர்ந்து, அந்தப் பங்குகளைச் சிறிது சிறிதாக டைரக்டரின் கைக்கே கொண்டுவந்து சேர்த்தன. கட்சி நியமித்த அதே மனிதர், அதே அறையில், அதே நாற்காலியில், முதலாளியாக அமர்ந்தார்.

முதல் பெரிய வவுச்சர் ஏலம் 1992 டிசம்பரில் மாஸ்கோவின் 'போல்ஷெவிக்' பிஸ்கட் ஆலைக்கு நடந்தது. பெயர்ப் பொருத்தத்தைப் பத்திரிகைகள் ரசித்தன. ஜார் காலத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஸ்தாபித்து, புரட்சிக்குப் பின் தேசியமயமாகிப் பெயர் மாறிய அந்த ஆலை, 1994-ல் பிரான்ஸின் தனோன் கம்பெனியின் வசமாயிற்று. 1993-ல் ஏகாத்தெரின்பூர்க் நகரத்து உரல்மாஷ் தொழிற்சாலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வவுச்சர்களைத் திரட்டிய ககா பெந்துகித்ஸே என்ற ஜார்ஜியரிடம் சென்றது. அவர் உயிரியல் படித்தவர். உள்ளே டைரக்டர் அசையாமல் இருந்த இடங்களில்கூட, வெளியிலிருந்து ஒருவர் நுழைய முடியும் என்பதற்கு இது உதாரணம். ஆனால் இத்தகைய உதாரணங்கள் சொற்பமே.

வவுச்சர்களை ஜனங்களிடமிருந்து பெற்றுப் பங்குகளில் முதலீடு செய்வதாகச் சொன்ன நிதி ஸ்தாபனங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்து, அவற்றில் பல அப்படியே மறைந்தும் போயின. அவற்றோடு சேர்ந்து மாவ்ரோதி என்பவரின் எம்.எம்.எம். கம்பெனி செய்த மோசடி, தனி அத்தியாயத்துக்குரியது.

அன்றைய வவுச்சர் விலையைக் கொண்டு கணக்கிட்டால், ருஷ்யத் தொழில்கள் அனைத்துக்குமான விலை அமெரிக்காவின் ஒரே ஒரு பெரிய கம்பெனியின் மதிப்பைத் தாண்டவில்லை என்று, சுபைஸுக்கு ஆலோசனை கூறிய நிபுணர்களே எழுதினார்கள். சுபைஸ் இதனால் கலங்கியவரல்லர். விலை தமக்கு முக்கியமாயிருக்கவில்லை என்றும், விற்ற ஒவ்வோர் ஆலையும் கம்யூனிஸத்தின் சவப்பெட்டியில் அடித்த ஓர் ஆணி என்றும் அவர் பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மீண்டும் கட்சி அதிகாரத்துக்கு வந்தாலும் திருப்ப முடியாதபடி சொத்துக்காரர்களைச் சிருஷ்டித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருடையது. அந்த பயம் கற்பனையன்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், சட்டமும் நீதிஸ்தலமும் பங்குதாரர் பதிவேடும் சரிவர அமையுமுன் சொத்துக்காரர்களைச் சிருஷ்டித்தால், சொத்து யாருக்கு என்பதைப் பலமே நிர்ணயிக்கும் என்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

1994 ஜூன் 30-ம் தேதியோடு வவுச்சர்கள் காலாவதியாயின. அதற்குள் சுமார் 15,000 நடுத்தர, பெரிய ஆலைகள் கைமாறியிருந்தன. எனினும், எண்ணெயிலும் நிக்கலிலும் சிறந்தவற்றின் பெரும்பங்குகள் இன்னும் சர்க்கார் வசமே இருந்தன. டிசம்பரில் செச்சன்யப் போர் தொடங்கிற்று. பென்ஷன்களும் சம்பளங்களும் பாக்கி விழுந்தன. 1996-ல் ஜனாதிபதித் தேர்தல் வேறு. கஜானாவில் பணமில்லாத அந்தச் சமயத்தில், 1995 மார்ச்சில், விளாதிமிர் பொத்தானின் என்னும் 34 வயது வங்கி முதலாளி மந்திரிசபைக் கூட்டத்துக்கு வந்து, அந்தப் பங்குகளை ஈடாக வைத்தால் தாங்கள் கடன் தருவதாக ஒரு யோசனையைச் சமர்ப்பித்தார். அந்தக் கடனின் கதையை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)