காடைப் பண்ணைகளில் உயிரியல் பாதுகாப்பு

காடைப் பண்ணைகளில் உயிரியல் பாதுகாப்பு என்பது நோய்க்கிருமிகள் பண்ணைக்குள் நுழையாமலும், நுழைந்தவை கொட்டகைக்குக் கொட்டகை பரவாமலும், அங்கிருந்து வெளியேறாமலும் தடுக்கும் நடைமுறைகளின் தொகுப்பாகும். இந்தியாவில் பண்ணைகளில் வளர்க்கப்படுவது யப்பானியக் காடை ஆகும். 1974 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இப்பறவை 5 முதல் 6 வாரங்களில் இறைச்சிக்கு விற்பனையாகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் காடை இதிலிருந்து உருவாக்கப்பட்ட வகையாகும்.

நோய் எதிர்ப்பு பற்றிய நம்பிக்கை

காடைக்கு நோய் வராது, தடுப்பூசி தேவையில்லை என்பது பண்ணையாளர்களிடையே பரவலாக உள்ள கருத்தாகும். இது பாதி உண்மையே. வெள்ளைக்கழிச்சல் நோயைக் கோழியைவிடக் காடை நன்கு தாங்குகிறது. ஆயினும் நோயைத் தாங்குவது வேறு, நோய்க்கிருமியைச் சுமக்காதிருப்பது வேறு. அறிகுறி காட்டாத காடை அருகிலுள்ள கோழிகளுக்கு நோயைக் கடத்தக்கூடும். எனவே இரண்டையும் ஒரே இடத்தில் வளர்ப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

குளோசுட்ரிடியம் கொலினம் என்னும் பாக்டீரியாவால் ஏற்படும் குடற்புண் நோய், காடைகளை மிகுதியாகத் தாக்குவதால் 'காடை நோய்' என்றே அழைக்கப்பட்டது. நல்ல உடற்கட்டுள்ள பறவைகள்கூட முன்னறிகுறியின்றி இறக்கும். இதன் வித்துகள் எச்சம் கலந்த ஆழ்கூளத்தில் நீண்டகாலம் உயிர்வாழ்வதால், கூளத்தை அகற்றாமல் அடுத்த தொகுதிக் குஞ்சுகளை விடுவது நோயைத் தொடரச் செய்யும். எச்சம் கீழே விழும் கம்பிக் கூண்டுகளில் இதன் தாக்கம் குறைவாகும்.

ஆங்காங் நிகழ்வு

1997 இல் ஆங்காங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் 18 பேரைத் தாக்கியது. அவர்களுள் 6 பேர் இறந்தனர். அவ்வைரசின் உட்புற மரபணுக்கள், அங்கு காடைகளில் காணப்பட்ட எச்9என்2 வைரசின் மரபணுக்களை மிகவும் ஒத்திருந்தன. பறவை வகை வைரசும் பாலூட்டி வகை வைரசும் பற்றக்கூடிய ஏற்பிகள் காடையின் உடலில் இருப்பதால், அது வைரசுகள் கலக்கும் இடைநிலை விருந்தோம்பியாகக் கருதப்படுகிறது. 2002 முதல் ஆங்காங்கின் உயிர்ப்பறவைச் சந்தைகளில் காடை விற்பனை தடைசெய்யப்பட்டது.

அறிவும் நடைமுறையும்

விதிகளை அறிந்திருப்பது மட்டும் போதுமானதாக இருப்பதில்லை. வாயிலில் கால் நனைக்கும் தொட்டி இருக்கும். அதில் கிருமிநாசினி மாற்றப்பட்டிராது. சேறும் எச்சமும் கலந்த கிருமிநாசினி தன் திறனை இழந்துவிடுகிறது. பல பண்ணைகளுக்குச் சென்றுவரும் வணிகரின் கூண்டுகளும் முட்டைத் தட்டுகளும் கழுவப்படாமல் உள்ளே வருவது மற்றொரு வழியாகும். ஒரு கொட்டகையின் பறவைகள் அனைத்தையும் ஒன்றாக விற்று, கழுவிக் காயவிட்ட பின்னரே புதிய குஞ்சுகளை விட வேண்டும் என்பது அடிப்படை விதி. வாரந்தோறும் விற்றுப் பணம் காண வேண்டிய சிறு பண்ணையாளருக்கு இதுவே கடினமானது. வெவ்வேறு வயதுப் பறவைகள் எப்போதும் அருகருகே இருக்கும். குஞ்சுகள் மூழ்காதிருக்க நீர்த்தட்டில் இடும் கூழாங்கற்களையும் நாள்தோறும் கழுவ வேண்டும் என்பது எளிதில் மறக்கப்படுகிறது.

இறப்பு தொடங்கியவுடன் எஞ்சிய பறவைகளை விரைந்து விற்றுவிடுவது மிகவும் ஆபத்தான வழக்கமாகும். இந்தியாவில் 2006 இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் கண்டறியப்பட்டது. 2009 ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, இத்தகைய நோய் இருப்பதாக ஐயமெழுந்தால் உரிமையாளர் அதனை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். நோய் உறுதியானால் சுற்றிலும் 1 கிலோமீட்டர் வரையுள்ள வளர்ப்புப் பறவைகள் அழிக்கப்பட்டு, அரசால் இழப்பீடு வழங்கப்படுகிறது. தெரிவிக்கும் முன்னரே இறந்த பறவைகளுக்கு இழப்பீடு கிடைப்பதில்லை.