கல்லில் வரிசை, உலாவியில் வடிகட்டல்: தஞ்சைத் தளிச்சேரிப் பட்டியலை முன்வைத்து

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) பொறிக்கச் செய்த நிவந்தக் கல்வெட்டுகளுள் ஒன்று, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66ஆம் எண்ணாக இடம்பெற்றுள்ளது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் அது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்த நெல் 100 கலம் கிடைக்கும்படி பங்கு ஒதுக்கப்பட்டது. பதிவுகள் அனைத்தும் ஓரமைப்பின: தெரு, சிறகு, வீட்டின் வரிசை, முன்பிருந்த ஊரும் கோயிலும், பெயர், பங்கு. இன்றைய வழக்கில் இதனை 400 நிரைகள் கொண்ட அட்டவணை என்றே கூறலாம். இப்பட்டியலை உலாவியில் இட்டு வடிகட்டும்போது வரலாற்றுச் சான்றுக்கு என்ன நேர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வெட்டின் வரிசை வீட்டு வரிசை. தெற்குத் தளிச்சேரியின் தென்சிறகில் தலைவீட்டில் தொடங்கி வீடுவீடாக அது நகர்கிறது. நெல் அளப்போருக்கு இதுவே தேவை. ஒருவர் இறந்தாலோ வெளியூர் சென்றாலோ அவருடைய உறவினருள் தகுதியுடையவர் அப்பங்கைப் பெறவேண்டும் என்பதால், எந்த வீடு யாருடையது என்பது நிருவாகத்தின் முதல் வினாவாக இருந்தது. வரலாற்றாய்வாளரின் வினா வேறு. திருவையாற்றிலிருந்து வந்தோர் யாவர், ஆரூரிலிருந்து வந்தோர் யாவர், ஒரே கோயிலைச் சேர்ந்தோர் அடுத்தடுத்த வீடுகளில் குடியேறினரா என அவர் கேட்கிறார். அதற்கு விடைகாணக் கல்லின் வரிசையைக் குறுக்காக வெட்டிப் படிக்க வேண்டும்.

பட்டியலை மாற்றி அடுக்கும் பணியை நெடுங்காலம் தொகுப்பாளரே செய்துவந்தார். தஞ்சை அரண்மனைச் சமற்கிருதச் சுவடிகளுக்கு ஏ. சி. பர்னெல் 1880இல் வெளியிட்ட வகைப்படுத்திய அட்டவணையில், எந்தச் சுவடி எத்துறைக்கு உரியது என்பதை அவரே முடிவு செய்தார். நொபொரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மாட்சுயி ஆகியோர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்களின் அடைவு கணிப்பொறியின் துணையால் உருவானது. ஆனால் வாசகர் கைக்கு வந்தது அச்சிட்ட நூலே. அடுக்குமுறையை மாற்ற விரும்பினால் மீண்டும் தாளும் எழுதுகோலும்தான்.

இணையத்தின் தொடக்க ஆண்டுகளிலும் ஒவ்வொரு வினாவும் வழங்கிக்குச் சென்று, புதிய பக்கமாகத் திரும்பியது. 1995இல் ஜாவாஸ்கிரிப்ட் உலாவிக்குள் வந்தது. 2009இல் வெளியான எக்மாஸ்கிரிப்ட் ஐந்தாம் பதிப்பு, பட்டியலை வடிகட்டும் செயற்கூறைத் தரப்படுத்தியது. முழுப் பட்டியலும் ஒருமுறை வாசகரின் கருவிக்கு வந்துவிட்டால், அதன்பின் வடிகட்டல் அங்கேயே நிகழும். இணைப்பு அறுந்தாலும் தடையில்லை. 400 நிரைகளுக்கு இம்முறை மிகப் பொருத்தமானது. பல்லாயிரம் கல்வெட்டுகளுக்கு வழங்கியின் துணை வேண்டும்.

இடர்ப்பாடு தமிழ் எழுத்தில் தொடங்குகிறது. வடிகட்டும் செயற்கூறு எழுத்துகளைப் பார்ப்பதில்லை. ஒருங்குறி எண்களின் தொடரையே பார்க்கிறது. "ஆரூர்" எனத் தட்டச்சு செய்யும் ஆய்வாளர் "திருவாரூர்" என்பதும் அதில் அகப்படும் என எதிர்பார்ப்பார். அகப்படாது. முன்னதில் உள்ளது ஆ என்னும் உயிர். பின்னதில் உள்ளது வகரத்தின்மேல் ஏறிய துணைக்கால். இவ்விரண்டுக்கும் எண்கள் வேறு. "ஆரூர்" எனப் புள்ளியோடு தேடினால் "ஆரூரில்" என்பதும் விலகிப்போகும். ரகரத்தின்பின் அங்கே புள்ளிக்கு மாறாக இகரக் குறி நிற்கிறது. கல்வெட்டு நடையில் ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் வேற்றுமைக்குரிய திரிபுடனேயே வருவதால் சிக்கல் பெருகுகிறது. "திருவையாறு" என்ற தேடல் "திருவையாற்று" என்ற வடிவத்தைக் காணாது. "திருவையாற" எனத் தமிழில் இல்லாத ஒரு சொல்லைத் தந்தால் இரண்டும் கிடைக்கும்! இலக்கணம் கற்றவருக்கு இது சற்றே வருத்தம் தரும் வெற்றி.

ஓகார உயிர்மெய்யிலும் ஓர் இடர் உண்டு. கோ என்பதன் குறியை ஒரே எண்ணாகவும், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் பதியலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பொருத்தம் மட்டும் தவறும். 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த இயல்பாக்கச் செயற்கூறு இதனைச் சீர்செய்கிறது. ஆனால் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு மாறாக ளகரத்தையே தட்டச்சு செய்திருந்தால் அதுவும் உதவாது.

இவற்றை வெறும் நிரல்மொழிப் பிழைகள் என ஒதுக்குவதற்கில்லை. வடிகட்டல் விலக்கிய நிரை எந்தத் தடயமும் இல்லாமல் மறைகிறது. கையால் படிப்பவர் ஒரு பதிவைத் தவறவிட்டாலும் அது பக்கத்தில் இருக்கும். மறுமுறை கண்ணில் படும். திரையிலோ "முடிவு ஏதுமில்லை" என்ற விடையை, அவ்வூரிலிருந்து எவரும் வரவில்லை என்ற வரலாற்றுக் கூற்றாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உள்ளது. முதல் 50 நிரைகளை மட்டும் உலாவிக்கு அனுப்பி, அவற்றுக்குள்ளேயே வடிகட்டும் தளங்களில் இவ்வாபத்து மேலும் மிகும். தேடியது எத்தனை நிரைகளுக்குள் என்பதை அறியாத எண்ணிக்கை ஆய்வேட்டில் இடம்பெறத் தக்கதன்று.

ஆகவே கல்வெட்டுப் பட்டியலில் ஊருக்கு இரண்டு நிரல்கள் வேண்டும்: பதிப்பில் உள்ள வடிவம் ஒன்று, தேடலுக்கான எழுவாய் வடிவம் ஒன்று. முதலாவது எப்போதும் கண்முன் நிற்கவேண்டும். அதுவும் பதிப்பாசிரியரின் வாசிப்பே என்பதை மறத்தலாகாது. சோழர்காலக் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படுவதில்லை. புள்ளியிட்டு நெடிலாக்கியவர் பதிப்பாசிரியர். நாம் வடிகட்டுவது அவர் தீர்மானித்த எழுத்துகளையே. கல் சிதைந்து ஊர்ப்பெயர் படிக்க இயலாத பதிவுகளோ எந்த ஊரைத் தேடினாலும் வெளியேறிவிடுகின்றன. அவற்றை ஒவ்வொரு விடையின் கீழும் தனியே காட்டும்படி அட்டவணையை அமைப்பது நிரலருக்கு அரிதன்று. அதைக் கேட்டுப்பெற வேண்டியவர் ஆய்வாளர்.