தோலேடும் ஒளித்தட்டும்

எழுதிய பொருள் உறுதியாக இருந்தால் எழுத்தும் நிலைத்து நிற்கும் என்று நாம் பொதுவாக எண்ணுகின்றோம். இவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இங்கிலாந்தின் இரண்டு கணக்கெடுப்புகளின் வரலாறு காட்டுகின்றது.

1085ஆம் ஆண்டின் இறுதியில் நோர்மன் மன்னன் வில்லியம், தான் வென்ற நாட்டின் நிலங்களைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டான். நிலம் யாருடையது, ஏர்கள் எத்தனை, பண்ணையாட்களும் அடிமைகளும் எத்தனை பேர் என்பவற்றை 1086இல் அதிகாரிகள் விசாரித்தறிந்தனர். வரியே முதன்மையான நோக்கம். அக்கணக்கின் முடிவுக்கு மறுப்பில்லை என்பதனால், இறுதித் தீர்ப்பு நாளை நினைவூட்டும் 'டூம்ஸ்டே' என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று. ஆட்டுத் தோலில் எழுதப்பட்ட அந்நூல் இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கின்றது. இலத்தீனும் அக்காலச் சுருக்கெழுத்து முறையும் பயின்றவர் அதனை வாசித்துவிடலாம்.

தொள்ளாயிரம் ஆண்டுகள் கழிந்து, 1986இல், பி.பி.சி. நிறுவனம் அதே பெயரில் இன்னொரு கணக்கெடுப்பை வெளியிட்டது. இம்முறை எழுதியவர்கள் அரசனின் ஆட்களல்லர். பாடசாலை மாணாக்கரும் ஆசிரியரும் ஊர்மக்களுமாகப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதிற் பங்குகொண்டனர். தத்தம் ஊரின் தொழில், உணவு, விளையாட்டு, வீதி, கடை முதலியவற்றை அவர்கள் எழுதியும் படம்பிடித்தும் அனுப்பினர். மக்கள் தம்மைத் தாமே எழுதிய அரிய வரலாறு அது.

அவ்வளவும் பன்னிரண்டு அங்குல ஒளித்தட்டுகளிற் பதியப்பட்டன. அவற்றை வாசிக்கத் தனிவகைப் பொறியும் அதனோடு இணைத்த கணினியும் வேண்டும். விலையோ ஏறக்குறைய 5,000 பவுண். செய்தி சேகரித்த பிள்ளைகளின் பாடசாலைகள் பலவற்றுக்கே அது எட்டவில்லை. வாங்குவோர் சிலரானமையால், அப்பொறியைத் தொடர்ந்து செய்வோரும் இல்லாதொழிந்தனர். 2002ஆம் ஆண்டளவில், தட்டுகளில் பதிவு இருந்தும் அதனை வாசிக்கும் கருவி அருகிப்போன நிலை ஏற்பட்டது. மன்னனின் வரிக்கணக்கு தொள்ளாயிரம் ஆண்டு வாழ, மக்களின் கணக்கு பதினாறு ஆண்டுக்குள்ளேயே ஊமையாகும் நிலைக்கு வந்தது.

மீட்க இரண்டு வழிகள் இருந்தன. பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல் ஒன்றைப் புதிய கணினிக்கு எழுதுவது ஒரு வழி. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர் 2002இல் இதனைச் செய்துகாட்டினர். பதிவுகளைப் புதிய வடிவத்துக்குப் பெயர்த்தெழுதுவது மற்றது. 2011இல் ஊர்ப் பதிவுகள் இணையத்தில் வெளியிடப்பட்டன. அத்தளமும் 2018இல் மூடப்பட, அதன் பிரதி ஆவணக்காப்பகத்தின் பொறுப்பில் எஞ்சியது.

பெயர்த்தெழுதல் எமக்குப் புதிய முறையன்று. ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையிற் படியெடுத்தே எமது இலக்கியங்கள் வாழ்ந்தன. படியெடுப்போரின் கைப்பிழை பாடபேதமாகப் பெருகியதையும் நாம் அறிவோம். இன்று ஒவ்வொரு கோப்புக்கும் கணித முறையால் அடையாள எண் ஒன்றைக் கணித்து வைத்து, காலந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். எண் மாறினால் கோப்பு பழுதுற்றது என்பது தெளிவு. அப்போது வேறிடத்திலுள்ள நல்ல பிரதியைக்கொண்டு அதைச் சீர்செய்யலாம். ஆயின் வேறிடத்திற் பிரதி இருந்தாலன்றோ சீர்செய்ய முடியும்!

ஒரே இடத்தில் ஒரே பிரதியாய் இருப்பதன் கேட்டை எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டில் மூட்டப்பட்ட தீயில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் கிடைக்காத ஏடுகளும் இருந்தன. 2005இல் ஆர்வலர் சிலர் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இலக்கப் பிரதிகளாக்கும் பணியில் இறங்கியமை இவ்வகையிற் பெரிதும் போற்றத்தக்கது.

எனினும், ஒருமுறை படியெடுத்ததோடு கடமை தீர்ந்ததென்று நாம் இருந்துவிடலாகாது. எந்த வடிவத்திற் பதிவது என்பது வெறும் தொழில்நுட்ப வினாவன்று. ஒரு கம்பனியின் இரகசியமாயுள்ள வடிவத்தைத் தெரிந்தால், எமது நினைவின் ஆயுள் அக்கம்பனியின் இலாபக் கணக்கோடு பிணைக்கப்படும். இலக்கண விதிகள் எல்லோருக்கும் தெரிந்திருப்பதுபோல, அமைப்பு வெளிப்படையாயுள்ள வடிவத்தைத் தெரிந்தால், அதனை வாசிக்கும் கருவியை எக்காலத்தவரும் ஆக்கிக்கொள்ளலாம். அதன் பின்னும் காவல் வேண்டும். காவலுக்குக் கூலியும் வேண்டும்.

ஒரு பாடசாலையின் பழைய சஞ்சிகையை, ஒரு தொழிற்சங்கத்தின் துண்டுப்பிரசுரத்தை இன்று படியெடுக்கும் ஆசிரியரும் மாணவரும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். இதன் இன்னொரு பிரதி எங்கே இருக்கின்றது? இதன் வடிவம் எல்லோருக்கும் திறந்ததா? பத்து ஆண்டுகளின் பின் இதனைத் திறந்து பார்க்கப் பொறுப்பானவர் யார்? இக்கேள்விகளுக்கு விடை உண்டாயின், அரசரின் கணக்கோடு மக்களின் கணக்கும் வாழும்.