கடல்மல்லையும் அதன் விருந்தினரும்

சென்னையிலிருந்து கடலை ஒட்டித் தெற்கே செல்லும் சாலையில் பிரயாணம் செய்து மாமல்லபுரத்தை நெருங்குகிறவரின் காதில், அலைகளின் இரைச்சல் விழுவதற்கு முன்னதாகவே, சாலையோரத்துக் கொட்டகைகளிலிருந்து எழும் உளியோசை விழுந்துவிடும். பல்லவர் காலந்தொட்டு இடையறாது கேட்டுவரும் ஓசைபோல அது நமக்குத் தோன்றினாலும், உண்மையில் நீண்டதொரு மௌனத்திற்குப் பிறகு நம் தந்தையர் காலத்தில் மறுபிறவி எடுத்த ஓசை அது. அந்த மறுபிறவிக்கு அரசாங்கத்தின் ஆதரவும் ஸ்தபதிகளின் வித்தையும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம், இவ்வூரைக் கண்ணால் ஒருமுறை காணவேண்டும் என்று தேடி வந்துகொண்டேயிருந்த அயலார் என்பதை எண்ணும்போது, விருந்தினரால் ஓர் ஊர் அடையும் பயன் காசில் மட்டும் முடிந்துவிடுவதில்லை என்பது விளங்கும்.

ஆதியில் இவ்வூருக்கு வந்தவர்கள் வியாபாரிகள். காஞ்சியை ஆண்ட பல்லவருக்குக் கடல்வாசலாய் இருந்த இத்துறையில், யானைகளையும் மணிக்குவியல்களையும் சுமந்து மரக்கலங்கள் தாழ்ந்து நின்ற காட்சியைத் திருமங்கையாழ்வார் கடல்மல்லை என்னும் இவ்வூர்மீதான பாசுரங்களில் பாடி வைத்திருக்கிறார். 630 முதல் 668 வரை அரசாண்ட மாமல்லன் நரசிம்மவர்மன் பெயரை ஊர் ஏற்றது. அவனுக்குப் பின் வந்த ராஜசிம்மன் காலத்தில் அலைவாய்க் கோயில் எழுந்தது. பல்லவரின் பிரபாவம் மங்கி, துறைமுகத்தின் சிறப்பும் ஒடுங்கிய பின்பு, வலையையும் கட்டுமரத்தையும் நம்பிய மீனவர் குப்பமாக ஊர் சுருங்கியதெனினும், வருவோரின் காலடி முற்றிலும் நின்றுவிடவில்லை. நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான தலசயனப் பெருமாளைச் சேவிக்க வைணவ யாத்திரிகர் வந்தனர். மாசி மகத்துப் பௌர்ணமியன்று இருளர் குடும்பங்கள் திரள்திரளாகக் கடற்கரையில் கூடி, புடவைகளைக் கட்டிக் கூடாரம் அமைத்து, ஈரமணலில் சிறு கோயில் பிடித்துக் கன்னியம்மனை வழிபட்டு, அலைகளைச் சாட்சியாக வைத்துக் கல்யாணமும் முடித்துச் செல்லும் வழக்கம் இன்றளவும் உயிரோடிருக்கிறது.

பார்ப்பதற்கென்றே வரும் மூன்றாவது வகையினர் பதினெட்டாம் நூற்றாண்டில் தோன்றினர். கடலில் சென்ற ஐரோப்பிய மாலுமிகள் ‘ஏழு கோயில்கள்’ என்று பெயரிட்டு அழைத்த இவ்விடத்தை, 1772ஆம் ஆண்டிலும் 1776ஆம் ஆண்டிலும் வந்து பார்த்த வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய விவரணம் 1788இல் அச்சேறியது. அதுமுதல் இவ்வூரைப் பற்றி எழுதியவர் பலராகி, அவர்தம் கட்டுரைகளை 1869இல் கார் என்பவர் ஒரே நூலாகத் திரட்டி வெளியிடும் அளவுக்குப் பிரசித்தி வளர்ந்தது. நல்ல சாலை இல்லாத அந்நாளில், சென்னையிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே இரவு முழுதும் படகில் பிரயாணம் செய்து, விடியலில் வந்திறங்குவார்கள். பார்த்து வியந்து, படம் எழுதிக்கொண்டு, மறுபடியும் படகேறிவிட்ட அவர்கள் ஊரில் விட்டுச் சென்ற பணம் சொற்பமாகவே இருந்திருக்கும். ஆயினும், இந்தக் கற்களைக் காண உலகம் வரும் என்ற நம்பிக்கையை அவர்களே விதைத்தார்கள்.

தமிழர் நெஞ்சில் அவ்விதையை முளைக்கச் செய்தவர் கல்கி. 1944இல் ‘சிவகாமியின் சபதம்’ தொடர்கதையாக வரத் தொடங்கியபின், அக்கதையின் மாமல்லனும் சிற்பி ஆயனரும் நடமாடிய இடத்தைத் தாமும் மிதித்துப் பார்க்க வேண்டுமென்னும் ஆசை எத்தனையோ இல்லங்களில் குடிபுகுந்தது. 1957ஆம் ஆண்டு அரசாங்கம் இங்கே சிற்பக்கலைப் பயிற்சிக் கூடம் ஒன்றை நிறுவியது. கணபதி ஸ்தபதி போன்ற மேதைகள் அதன் தலைமையில் இருந்து மாணவரை உருவாக்கினர். ஆனால் வித்தை கற்றவனுக்கு வேலை வேண்டும் அல்லவா? கோயில் திருப்பணி எல்லா நாளும் கிடைப்பதன்று. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பிரயாணிகளே. கைக்கு அடக்கமான பிள்ளையார் ஒன்றையோ, யானைக்குட்டி ஒன்றையோ அவர்கள் வாங்கிச் சென்றமையால் சிற்பியின் அடுப்பு அணையாமல் எரிந்தது. பயின்றவன் வேறு தொழில் தேடி ஓடாமல் உளியோடு தங்கினான். தங்கியவனிடம் அடுத்த தலைமுறை தொழில் கற்றது.

அக்கொட்டகைகளுள் ஒன்றில் சிறிது நேரம் நின்று பார்க்கவேண்டும். சிற்பி முதலில் கல்லைத் தட்டிக் கேட்கிறார். வெண்கல மணிபோல் கணீரென்று ஒலித்தால் அது ஆண்கல் என்று சொல்லிக் கொள்கிறார். பிறகு காவியைக் குழைத்துக் கோடிடுகிறார். கோட்டைத் தொட்டும் தொடாமலும் உளி நகர, தெறிக்கும் தூள் அவர் இமைமயிரில் வெண்மையாய்ப் படிகிறது. ஓரத்தில் உலை வைத்து, மழுங்கிய உளிகளைக் காய்ச்சித் தட்டி நீரில் தோய்த்துக் கொடுக்கிறார் ஒருவர். நிழலில் அமர்ந்த பெண்கள் சிறிய மாக்கல் உருவங்களை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். ஒரு பிள்ளையாரை வாங்கும் பிரயாணி கொடுக்கும் பணம் இத்தனை கைகளிலும் பங்காகிறது.

மீனவர் தெருக்களிலும் இதே மாற்றத்தைக் காணலாம். கடலில் பாடு இல்லாத நாள்களில் பட்டினியை அறிந்திருந்த குடும்பங்கள் சில, ஒத்தவாடைத் தெருவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வீட்டின்மேல் ஓர் அறை கட்டி அயல்நாட்டாருக்கு வாடகைக்கு விட்டன. காலையில் கரைக்கு வந்த வஞ்சிரமும் இறாலும் மாலையில் உணவுவிடுதி வாசலில் தட்டில் பரப்பப்பட்டு, விருந்தினர் விரல் காட்டியதும் அடுப்பேறுகின்றன. தையற்காரர், சலவைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், இளநீர் வெட்டுபவர், பாசிமணி கோத்து விற்கும் குறத்தி எனப் பலரின் ஜீவனம் விருந்தினர் என்னும் இந்தக் கொழுகொம்பில் படர்ந்திருக்கிறது. கோயில் வாசலில் வாங்கும் நுழைவுக் கட்டணம் தொல்லியல் துறைக்குப் போய்ச் சேர்கிறது. தெருவில் செலவிடும் பணமோ தெருவிலேயே தங்குகிறது. ஆகவே, எத்தனைபேர் வந்தனர் என்பதைவிட எத்தனைபேர் ஓர் இரவாவது தங்கினர் என்பதே ஊர்மக்களுக்கு முக்கியம்.

1984இல் யுனெஸ்கோ இக்கோயில்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. 2017இல் மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2021-22ஆம் ஆண்டில் கட்டணம் செலுத்திப் பார்க்கும் மத்தியத் தொல்லியல் சின்னங்களுள், தாஜ்மகாலையும் விஞ்சி, 1,44,984 அயல்நாட்டாரை இவ்வூரே வரவேற்றது. ஆனால் விருந்தினரை நம்பிய பிழைப்புக்கு விருந்தினர் வராமையே பஞ்சம் என்பதை, 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் சீறியபோதும், 2020இல் கொள்ளைநோய் வழிகளை அடைத்தபோதும் ஊர் பிரத்தியட்சமாகக் கண்டது. கரையோரம் முழுதும் உல்லாச விடுதிகளுக்கே உரித்தாகி, படகு இழுக்கவும் வலை உலர்த்தவும் மீனவனுக்கு மணல் இல்லாமற் போகுமானால், வருமானம் எவ்வளவு பெருகினும் அது ஊரின் வருமானம் ஆகாது. ஊராரின் கைத்திறனையும் கரையின்மேல் அவர்களுக்குள்ள உரிமையையும் காத்து வளர்கின்ற பிரயாணத் தொழிலையே நாம் விரும்பி வேண்டவேண்டும்.

மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத வேலைகள் பல உண்டு. பாதியில் நின்ற அப்பாறைகளில், பல்லவச் சிற்பிகள் கல்லைச் சதுரம் சதுரமாகக் கோடு கிழித்துப் பள்ளம் பறித்து, இடைநின்ற மேடுகளைத் தட்டி எடுத்த முறை அப்படியே தெரிகிறது. பிரயாணிகள் அவற்றின்முன் நிற்பது அரிது. நிழற்படம் எடுத்துக்கொள்ளப் பெரிய ரதங்களை நோக்கி விரைந்துவிடுவார்கள். சிற்பம் பயிலும் இளைஞனோ அங்கே குந்தி, அந்தச் சதுரங்களின்மேல் விரலோட்டிப் பார்க்கிறான். அவனுடைய நாளையக் கூலியைத் தரப்போகிறவர்கள் அந்தப் பிரயாணிகள். வித்தையைத் தருவது, பெயர் தெரியாத சிற்பி ஒருவர் விட்டுச்சென்ற அந்தக் கல்.